கூரைமேல் ஏறும் படகு

படகு தரையில் ஓடாது என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. எனினும் சனி, ஞாயிறு நாள்களின் விடியற்காலையில் சாந்தோம் நெடுஞ்சாலையிலோ, அடையாற்றின் திரு.வி.க. பாலத்தின்மேலோ சற்று நேரம் நிற்பவர், காரின் கூரைமேல் கவிழ்ந்து கிடந்தபடி தெற்கு நோக்கிச் செல்லும் வண்ணப் படகு ஒன்றைக் காணக்கூடும். நீண்டு மெலிந்து, இருமுனையும் கூராய், வாழைப் பூவின் மடலைப் போன்று தோன்றும் அதற்குக் கயாக் என்று பெயர்.

வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இனுயிட் மக்கள், கடலில் ஒதுங்கிய மரக்கட்டைகளாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்கெனச் செய்துகொண்ட சிறு படகே இதன் முன்னோடி. இன்று அது பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்யப்பட்டு உலகெங்கும் பரவியிருக்கிறது. ஒருவரோ இருவரோ அமர்ந்து, இரு முனையிலும் அலகுள்ள ஒரே துடுப்பினால் இடமும் வலமும் மாறி மாறி வலித்துச் செல்வர். இளைஞர் உடலுக்கு நல்ல பயிற்சி. உள்ளத்துக்கு நல்ல அமைதி.

மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழ்வோர்க்கு நீர் தொலைவில் இல்லை. ஆனால், அருகிலுள்ள நீரெல்லாம் பழகுவதற்கு ஏற்ற நீர் அன்று. 1867இல் தோன்றிய சென்னைப் படகுக் கழகத்தார் அடையாற்றில் இன்றும் படகு வலிக்கின்றனர் எனினும், ஆறு சுமந்து வரும் கழிவுநீரை எண்ணிப் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. பெசன்ட் நகர்க் கடலோ புதியவரைப் பொறுத்துக்கொள்ளாதது. எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிறமாய் நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930ஆம் ஆண்டு டிசம்பரில் பிறரைக் காப்பாற்றப் போய்த் தாமே அலைக்கு இரையான ஓர் ஐரோப்பியரின் நினைவாக எழுப்பப்பட்டது. அக்கரை எத்தகையது என்பதற்கு அச்சின்னமே சான்று.

ஆகையால் அலையடங்கிய நீரை நாடுவோர், முட்டுக்காட்டு உப்பங்கழிக்கோ, அதற்கும் தெற்கே கோவளத்துக்கோ செல்லவேண்டியிருக்கிறது. மயிலையிலிருந்து முட்டுக்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இந்த 30 கிலோமீட்டரில்தான் நாம் சொல்லவந்த செய்தி அடங்கியிருக்கிறது. நீரில் நேரும் ஆபத்தைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். நீரை அடையுமுன் சாலையில் நேரக்கூடிய ஆபத்தைப் பற்றி எச்சரிப்பார் குறைவு.

கட்டும் மரமும்

சாந்தோம் பேராலயத்தின் பின்புறம் கடலை நோக்கி இறங்கினால், நொச்சிக்குப்பத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை மீனவர் குடியிருப்புகள் வரிசையாய் உள்ளன. இக்கரையில் இன்று பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகளையே காண்கிறோம். ஒரு தலைமுறைக்கு முன் இங்குக் கட்டுமரங்களே நிறைந்திருந்தன. இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கி, பக்கம் பக்கமாய் அடுக்கி, கயிற்றினால் இறுக்கிக் கட்டியதனால் அது கட்டுமரம் ஆயிற்று. ஆணி இல்லை, பசை இல்லை, கட்டு ஒன்றே அதன் உயிர். கடலிலிருந்து மீண்டதும் கட்டை அவிழ்த்து, நீர் ஊறிய மரங்களைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவர். மறுநாள் மீண்டும் கட்டுவர். இத்தமிழ்ச் சொல்லையே ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்று, இன்று உலகெங்கும் இரட்டையுடல் படகுகளுக்குப் பெயராக வழங்குகின்றனர்.

சென்னைக்குத் துறைமுகம் அமையாதிருந்த காலத்தில், கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் சரக்கையும் அலைகளின் ஊடே கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். அவையும் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகையோடு பலகை தைக்கப்பட்டவையே. அலை மோதும்போது விறைத்து நின்று உடையாமல், நெகிழ்ந்து கொடுத்து மீளும் வகையில் நம் முன்னோர் அவற்றை அமைத்தனர். எந்த இடத்தில் இறுக்கவேண்டும், எந்த அளவுக்கு நெகிழவிடவேண்டும் என்னும் அறிவு இக்கரைக்குப் பழையது. காரின் கூரைமேல் படகு ஏற்றுவோர்க்கும் இன்று வேண்டுவது அதே அறிவுதான்.

லாரியில் வந்த படகுகள்

‘இது பொழுதுபோக்குக்குப் போகிறவர்களின் கவலை, நமக்கென்ன?’ என்று குடும்பத்தார் சிலர் எண்ணலாம். அவர்கள் 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தை ஒருமுறை நினைவுகூர்வார்களாக.

டிசம்பர் 1ஆம் நாள் பெய்த பெருமழையும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து, அன்றிரவு அடையாறு கரை கடந்தது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. மாடியிலும் மொட்டைமாடியிலும் மக்கள் தவித்தார்கள். அந்நாள்களில் இராணுவத்தாரும் பேரிடர் மீட்புப் படையினரும் ஆற்றிய தொண்டோடு, நகரின் மீனவர்கள் ஆற்றிய தொண்டும் மறக்கற்பாலதன்று. கடலில் விடவேண்டிய படகுகளை அவர்கள் லாரிகளில் ஏற்றி, தெருக்களுக்குக் கொண்டுவந்து, முதியோரையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கரை சேர்த்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மிதந்தபோது இதே காட்சி இன்னும் பெரிய அளவில் நிகழ்ந்தது. திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைகளின் மீனவர்கள், அவர்களுள் கத்தோலிக்கக் கடலோரப் பங்குகளைச் சேர்ந்தவர் மிகப் பலர், நூற்றுக்கணக்கான படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, இரவோடிரவாகச் செங்கன்னூர் முதலிய உள்நாட்டுப் பகுதிகளுக்கு விரைந்தார்கள். பல்லாயிரம் உயிர்கள் அவர்களால் மீண்டன. பின்னர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியபோதும் படகுகள் தெருவுக்கு வந்தன.

இந்நிகழ்ச்சிகளில் மக்கள் கண்டது, நீரில் படகு செய்த வேலையை. அதற்கு முன் நடந்த வேலையை நினைப்பவர் குறைவு: இருளிலும் மழையிலும் ஒரு படகை லாரியில் ஏற்றி, அது சரியாதவாறு முட்டுக் கொடுத்து, கயிறு கட்டி, குண்டும் குழியுமான சாலையில் பல கிலோமீட்டர் கொண்டுசென்றதே அந்த வேலை. வழியில் ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தால், காக்க வந்த படகே பின்னால் வந்தவரைக் கொன்றிருக்கும். கரையில் போட்ட முடிச்சு நன்றாய் இருந்ததனாலேயே மொட்டைமாடியில் நின்றவர் பிழைத்தார்.

வண்டியின் அளவறிந்து

இனி, ஒரு குடும்பம் தன் சிறிய காரில் கயாக்கை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதைப் பார்ப்போம்.

முதலில் நீளம். நம் நாட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. அதனால் நடுத்தரக் குடும்பங்களின் கார்கள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டுவதில்லை. ஆல்டோ சுமார் 3.5 மீட்டர்; ஸ்விஃப்ட் சுமார் 3.8 மீட்டர். கடலில் நெடுந்தூரம் செல்வதற்கென்று செய்யப்படும் கயாக்குகளோ ஐந்து மீட்டரையும் எட்டும். உப்பங்கழியில் பழகுவதற்கான சிறிய வகைகள் மூன்று மீட்டர் முதல் மூன்றரை மீட்டர் வரை இருக்கும். காரின் நீளத்துக்குள் அடங்கும் படகை வாங்குவதே அறிவுடைமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், அனுமதித்த அளவுக்கு மேல் சுமை முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அபராதம் பெரிதன்று, அச்சட்டம் எழுந்த காரணமே பெரிது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் மோதி இறந்தவர்களை நம் நாட்டுச் சாலைகள் எத்தனையோ கண்டிருக்கின்றன.

அடுத்தது எடை. சாதாரண பிளாஸ்டிக் கயாக் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். காரின் கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோடு தரப்படும் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. சில கார்களின் கூரை கேரியர் பொருத்துவதற்கே ஏற்றதன்று. அங்கே நம் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். உட்காரும் குழி மேல்நோக்கி இருக்குமாறு படகை வைத்து மழை பெய்துவிட்டால், அக்குழியில் நீர் நிரம்பும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நாற்பது லிட்டர் தேங்கினால், ஏற்றும்போது 25 கிலோவாக இருந்த படகு 65 கிலோ ஆகிவிடும். ஆகவே கவிழ்த்து வைப்பதோ, மூடி போடுவதோ இன்றியமையாதது.

காற்றடைத்து ஊதிக்கொள்ளும் கயாக்குகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றைச் சுருட்டிப் பையிலிட்டு டிக்கியில் வைத்துவிடலாம். மாடிக் குடியிருப்பில் வாழும் குடும்பத்துக்கும், கேரியர் இல்லாத காருக்கும் அவையே பொருத்தம். கூரைக்கு ஏறாத படகு, கூரையிலிருந்து விழுவதும் இல்லை அன்றோ!

கட்டும் முறை

கேரியரின் இரண்டு குறுக்குக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி இருக்க முடியுமோ அவ்வளவு விலகி இருத்தல் நலம். கம்பிகளின்மேல் தடித்த பஞ்சுறை அல்லது ரப்பர் நுரைக்கட்டையை வைத்து, படகின் நடுப்பகுதி இரு கம்பிகளுக்கும் இடையே அமையுமாறு இருவர் சேர்ந்து தூக்கி வைக்கவேண்டும். தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழுதல் வேண்டும். முதுகுவலியோடு துடுப்பு வலிக்க இயலாது.

கட்டுவதற்குப் பட்டையே சிறந்தது. நைலான் கயிறு நனைந்தால் இளகி நீளும். பாலியெஸ்டர்ப் பட்டை அவ்வளவாக நீளாது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பட்டையாக, படகின் மேலே போட்டு, கம்பிக்கு அடியில் வளைத்து, மீண்டும் மேலே கொண்டுவந்து, பல்லுள்ள கொக்கியில் செருகிக் கையாலேயே இழுத்து இறுக்கவேண்டும். லாரிச் சரக்குக்குப் பயன்படும் ராட்செட் பட்டை மிகுந்த வலிமையுடையது. அதனாலேயே இதற்கு ஏற்றதன்று. சென்னையின் மே மாத வெயிலில் பிளாஸ்டிக் இளகி நிற்கும்போது ராட்செட்டால் முறுக்கினால், படகின் அடிப்பகுதி குழிந்துவிடும். குழிந்த படகு நேராகச் செல்லாது. பட்டையை ஒருமுறை முறுக்கிப் போட்டால், காற்றில் அது விம்மி ஓலமிடுவதும் நிற்கும்.

இவ்விரு பட்டைகளும் படகு மேலெழாமல் காக்கும். அது முன்னும் பின்னும் நழுவாமல் காப்பவை வேறு இரண்டு: படகின் மூக்கிலிருந்து முன் பம்பருக்கு அடியிலுள்ள இழுவை வளையத்துக்கு ஒரு கயிறு, வாலிலிருந்து பின்புற வளையத்துக்கு ஒரு கயிறு. திடீரென்று பிரேக் போட்டால் கார் நிற்கும். படகு நிற்க விரும்பாது. அப்போது அதை நிறுத்துவது இந்த முன்பின் கயிறுகளே. வளையம் எங்கே இருக்கிறது என்பதைக் கையேடு கூறும். பிளாஸ்டிக் பம்பரையே வளையமாக எண்ணிக் கட்டுதல் கூடாது. மேல்மிச்சமாகத் தொங்கும் நுனிகளைச் சக்கரத்தில் சிக்காதவாறு சுருட்டிச் செருகிவிட வேண்டும்.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை, காலைத் திருப்பலி முடிந்ததும், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் இருவர் வாடகைக்கு எடுத்த கயாக் ஒன்றைத் தம் காரில் கட்டிக்கொண்டிருந்தனர். நாமும் அருகே நின்றோம். வண்ணக் கயிற்றைப் பின்னலைப் போல் சுற்றிச் சுற்றி அழகுறக் கட்டியிருந்தனர். நொச்சிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், நாற்பது ஆண்டு கடலோடியவர், ஆலய வாயிலில் நின்று அதைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு நம்மை நோக்கி, “சாமி, தம்பிங்க கயித்தை அழகா சுத்தியிருக்காங்க, கட்டலே” என்றார்.

இளைஞர்கள் நகைத்தனர். பெரியவர் படகின் மூக்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். படகு ஆடிற்று, கார் ஆடவில்லை. “படகைப் புடிச்சு ஆட்டினா வண்டி ஆடணும், தம்பி. படகு மட்டும் ஆடினா, ரெண்டும் வேற வேற ஆளு. ரெண்டும் ஒரே ஆளா ஆகணும்” என்றார். பிறகு தாமே எல்லாவற்றையும் அவிழ்த்து, கயிற்றின் நடுவே ஒரு கண் இட்டு, நுனியைக் கம்பிக்கு அடியில் வளைத்து அக்கண்ணுக்குள் செலுத்திக் கீழ்நோக்கி இழுத்தார். கப்பியில் இழுப்பது போல் இழுப்பின் பலம் பெருகிற்று. லாரியில் மூட்டை கட்டுகிறவர்களும் வைக்கோல் வண்டிக்காரர்களும் அறிந்த அதே முடிச்சு. மீண்டும் படகை ஆட்டியபோது கார் முழுவதும் அசைந்தது. இளைஞர்கள் இப்போது நகைக்கவில்லை. அந்த முடிச்சைத் தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினர். பெரியவர் மூன்று முறை அவிழ்த்துக் கட்டிக் காட்டினார்.

அவர் இறுதியாகச் சொன்னது இன்னும் பயனுள்ளது: “அடையாறு தாண்டினதும் நிறுத்தி ஒரு தடவை இழுத்துப் பாருங்க. புதுக் கட்டு கொஞ்சம் இளகும்.” வண்டி குலுங்கிச் சில கிலோமீட்டர் ஓடியபின் எல்லாக் கட்டும் சற்றுத் தளரும். அப்போது நிறுத்தி மீண்டும் இறுக்காதவர், கட்டும் வேலையைப் பாதியில் விட்டவரே ஆவார்.

துடுப்பும் அங்கியும்

படகுக்கு அடுத்தபடியாக அதன் துணைக்கருவிகள். துடுப்பு இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுடையது. பெரும்பாலும் நடுவில் கழற்றி இரண்டாக்கும் வகையில் செய்யப்படுகிறது. அதைக் கூரையில் படகோடு செருகிக் கட்டுவது நல்லதன்று. நழுவினால் ஈட்டியாகிப் பின்வருபவரைத் தாக்கும். கழற்றி, பழந்துணியில் சுற்றி, டிக்கியில் வைக்கவேண்டும்.

மிதவை அங்கியின் உள்ளே இருப்பது நுரை. அதன்மேல் கனமான பொருள்களை ஏற்றி வைத்தால் நுரை நசுங்கி, மிதக்கும் ஆற்றல் நாளடைவில் குறையும். எனவே அதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கவேண்டும். மூடிய காருக்குள் வெயிலில் பல நாள் கிடத்தலும் அதற்குக் கேடு. கடல்நீரில் நனைந்தபின் நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துதல் வேண்டும். பட்டைகளின் கொக்கிகளையும் அவ்வாறே அலசாவிட்டால், உப்பு படிந்து பற்கள் துருவேறி, அடுத்த பயணத்தில் பிடிக்காமல் போகும்.

குடிநீர்க் குடம், நங்கூரம், காற்றுப் பம்பு முதலிய எவற்றையும் பின் கண்ணாடியின் கீழுள்ள தட்டில் வைக்கலாகாது. திடீரென்று வண்டி நிற்கும்போது அவை பின்னிருக்கையில் அமர்ந்த குழந்தையின் தலைமேல் பாயும்.

இரண்டு வழிகள்

மயிலையிலிருந்து புறப்படுவோர் சாந்தோம் நெடுஞ்சாலை வழியே பட்டினப்பாக்கத்தைக் கடந்து, திரு.வி.க. பாலம் ஏறி, அடையாறு, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைவர். தியாகராய நகரிலிருந்து புறப்படுவோர் நந்தனம் வந்து, கோட்டூர்புரம் பாலத்தைக் கடந்து, காந்தி மண்டபச் சாலை வழியாக அடையாற்றை அடைவர். இரு வழியும் அடையாற்றின்மேலேயே செல்கின்றன.

தியாகராய நகரின் கடைத்தெருக்களைக் காலை எட்டு மணிக்குள் கடந்துவிடுதல் நலம். அங்குள்ள மீன்பாடி வண்டிக்காரரைச் சிறிது கவனித்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும். தம் வண்டியைவிட நீளமான குழாய்களையும் ஏணிகளையும் ஏற்றிச் செல்லும் அவர்களுள் விவரமறிந்தவர், குழாய்களின் நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருப்பார். சட்டத்தைப் படித்து அவர் அதைச் செய்யவில்லை. பின்னால் வருகிறவர் கண்ணில் படவேண்டும் என்று எண்ணியே செய்கிறார். காரின் பின்புறத்தைத் தாண்டி ஒரு சாண் நீண்டாலும் அந்தத் துணியை நாமும் கட்டுவோமாக.

திரு.வி.க. பாலத்தின்மேல் ஏறியதும் கட்டடங்களின் மறைப்பு நீங்கி, முகத்துவாரத்திலிருந்து காற்று பக்கவாட்டில் மோதும். அங்கே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அப்படியே. கோடையில் பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அசையாதிருந்த படகு, 80இல் கூரையோடு பிய்த்துக்கொள்ள முயல்வதன் காரணம் இதுவே. படகைச் சுமந்த வண்டிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகம் போதும். உப்பங்கழி எங்கும் ஓடிவிடாது.

வழியில் சிற்றுண்டிக்கு நிறுத்துவோர், அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் கட்டடங்களுக்குள் நுழையலாகாது. வாயிலில் தொங்கும் உயரத் தடையைக் கார் கடக்கும். அதன்மேலுள்ள படகு கடக்காது. கூரையில் சுமை இருப்பதை ஓட்டுபவர் மறந்துவிடுவது இயல்பு. ஆகவே புறப்படும்போதே ‘மேலே படகு’ என்று ஒரு சீட்டில் எழுதி, ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவைப்பது எளிய, செலவில்லாத காப்பு. வெயிலில் நெடுநேரம் நிறுத்த நேர்ந்தால், பட்டைகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, புறப்படுமுன் மறவாமல் இறுக்கவேண்டும். காற்றடைத்த படகாயின் காற்றைச் சிறிது இறக்கிவிட வேண்டும்.

திரும்பும் பயணத்தில்தான் ஆபத்து மிகுதி. உடல் களைத்திருக்கும், கை நனைந்திருக்கும், வீடு சேரும் அவசரம் இருக்கும். காலையில் கால் மணி நேரம் செலவிட்டுக் கட்டியவர், மாலையில் இரண்டு நிமிடத்தில் கட்டிவிட்டுக் கிளம்புவர். காலையில் வேண்டிய அதே கால் மணி நேரம் மாலையிலும் வேண்டும். இருட்டிவிட்டால் பின்முனையில் சிவப்பு விளக்கு ஒன்றும் வேண்டும்.

பின்னால் வருபவர்

அன்பர்களே, இவ்வளவையும் நாம் விரித்துக் கூறியது ஒரு படகின் பொருட்டு அன்று. படகு விழுந்து உடைந்தால் வேறொன்று வாங்கலாம். நம் சாலைகளில் ஒவ்வொரு காரின் பின்னாலும் ஓர் இருசக்கர வண்டி வருகிறது. அதை ஒரு தந்தை ஓட்டுகிறார்; முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது; பின்னால் கைக்குழந்தையோடு தாய் அமர்ந்திருக்கிறாள். நாம் கட்டும் ஒவ்வொரு முடிச்சும் முகமறியாத அந்தக் குடும்பத்துக்காகக் கட்டப்படுவது. அவர்கள் நமக்கு நன்றி கூறப்போவதில்லை. நாம் அவர்களைக் காத்தோம் என்பதையே அறியமாட்டார்கள். அறியாதவர்க்குச் செய்யும் இவ்வகை அன்பே அயலார் அன்பில் தூயது என்று நாம் நினைக்கிறோம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் படகு வலிக்க விரும்பினால் தடுக்காதீர்கள், நீந்தவும் கற்பியுங்கள். ஆனால், துடுப்பைக் கையில் கொடுக்குமுன் கயிற்றைக் கையில் கொடுங்கள். மூன்று முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்த பின்பே கூரைமேல் படகு ஏறட்டும்.

பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. அடையாறு மீண்டும் ஒருநாள் கரை கடக்காது என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆலய அரங்கின் ஒரு மூலையில் நல்ல கயிறுகள் சில, பட்டைகள் சில, மிதவை அங்கிகள் சில, சிவப்புத் துணி இரண்டு இருக்கட்டும். சரக்கு வண்டி வைத்திருப்பவர் எவர், படகு வைத்திருப்பவர் எவர், கட்டத் தெரிந்தவர் எவர் என்று ஒரு பட்டியல் இருக்கட்டும். செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை, குப்பத்துப் பெரியவர் ஒருவரை அழைத்து, பங்கு இளைஞர்களுக்கு அந்த இழுப்பு முடிச்சைக் கற்பிக்கச் செய்யுங்கள். மழை கொட்டும் நள்ளிரவில், கைவிளக்கின் ஒளியில் அதைப் புதிதாய்க் கற்க முடியாது.